நகராத புள்ளி

மாலை ஆறு பத்து. அப்பாவின் போனில், மகள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி ஆற்றுப் பாலத்தருகே நின்றது. முக்கால் மணி நேரமாக அது நகரவில்லை.

"பாலத்துக்கிட்டயே நிக்கறா. பத்து தடவை அடிச்சிட்டேன், எடுக்க மாட்டேங்கறா" என்றார், ஆபீசிலிருந்த மனைவியிடம்.

"பாலத்துலயா? ஐயோ! கண்ணை எடுக்காம பார்த்துட்டே இருங்க, நான் கிளம்பறேன்."

கைக்கெட்டும் தூரத்தில் ஆறிக் கிடந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே வாசலுக்கு ஓடினார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

குளியலறையிலிருந்து தலையைத் துவட்டியபடி மகள் வந்தாள்.

அவர் புள்ளியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, திரையை அவளிடம் காட்டினார்.

"பாலத்துக்கிட்ட ஜெராக்ஸ் கடையில போனை விட்டுட்டேன்னு வந்ததுமே சொன்னேனே. நீங்களும் 'ம்'னு சொன்னீங்களே!"

"எப்போ?"

"டீ கொடுக்கும்போது. அதை யாரு போட்டதுன்னு நினைச்சீங்க?"