இழுத்துவிட்ட லிவர்

என் கணவர் தேவநேசன், பள்ளி மைதானத்தில் புல் வெட்டிவிட்டு வந்து, வீட்டை ஒட்டிய ஷெட்டில் புல்வெட்டும் வண்டியின் இருக்கையிலேயே சாய்ந்து இறந்திருந்தார். சிரமப்படாமல் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மாதத்தைக் கடத்தினேன். பிறகு வண்டியைக் கிளப்பினால் எஞ்சின் ஓடியது, சக்கரம் அசையவில்லை. மெக்கானிக் சூசை வந்து குனிந்து பார்த்தார்.

"பெல்ட்டு புதுசாட்டம் இருக்குதுக்கா. ஸ்பிரிங்கும் விடல." பின்பக்கம் போனவர் சிரித்தார். "லிவர வெளிய இழுத்து வுட்டிருக்காரு அண்ணன். அப்பறம் எப்பிடி ஓடும்? இத இழுத்தா எஞ்சின்லருந்து சக்கரம் தனியா வுட்டுரும், வண்டியக் கையால தள்றதுக்கு."

"கையாலயா?"

"ஆமாக்கா. கால் டன் கனம், வழியெல்லாம் மேடு. பெட்ரோலும் பாதி டேங்க் கெடக்குது. ஓடுற வண்டிய எதுக்குத் தள்ளிட்டு வந்தாரு?"

லிவரை உள்ளே அழுத்திவிட்டு, ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அன்னைக்கு எனக்குத் தலவலி," என்றேன். "தூங்கப் போறேன், திரும்பி வர்றப்ப வண்டிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஜன்னல்ல நின்னு சொன்னேன். சரின்னு தலையாட்டுனாரு."