இருபத்தேழாம் பக்கம்

"இதில நட்சத்திரம் இல்லை, பிள்ளை. வேற ஒண்டு தாங்க" என்று புத்தகத்தைத் திருப்பி மேசையில் வைத்தார் வலன்ரைன்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை அது. வாப்பா ராசிக் நோயில் படுத்த பிறகு ஒரு வருடமாக மகள் நிம்றாதான் கடையைப் பார்க்கிறாள்.

அங்கே வருபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசித்த கதையையே மறதியில் மறுபடி கொண்டுபோய் வீட்டில் பேச்சு வாங்கக் கூடாதே! அதற்காக இருபத்தேழாம் பக்கத்து மூலையில் ஆளுக்கொரு அடையாளத்தைப் பென்சிலால் போட்டு வைப்பார்கள். தங்கள் அடையாளம் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார்கள்.

வலன்ரைன் மட்டும் தலைகீழ். மனைவி மேபலின் நட்சத்திரம் இருந்தால்தான் எடுப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிழமைக்கொரு தரம் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவார்.

மேபலை நிம்றா கண்டதில்லை. நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கிறார் போல, பழைய கதைகளையே திரும்ப வாசிக்க ஆசைப்படுகிறார் போல என்று அவளாக நினைத்துக்கொண்டாள். துருவிக் கேட்க மனம் வரவில்லை.

"போன கதையில வந்த மாமி சரியான வாய்க்காரி. மேபல் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா" என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. "அந்தக் காலத்தில கறி அடிப்பிடிக்கிறதும் தெரியாம வாசிப்பா. நான் ஏசுவன். அப்பிடி என்ன கதை எண்டு ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்."

நிம்றா உள்ளே போய் அலமாரி முன்னால் நின்றாள். நட்சத்திரம் போட்ட புத்தகங்கள் போன கிழமையோடு முடிந்துவிட்டன. வெறுங்கையோடு அனுப்பினால் மனிதர் இனி வரமாட்டார். வீட்டில் காத்திருக்கும் மேபல் அன்ரியின் முகம் வாடுவதை நினைக்கவே அவளுக்குத் தாங்கவில்லை. கைக்கு வந்த ஒரு நாவலை எடுத்தாள். பென்சிலையும் எடுத்தாள்.

"இந்தா இரிக்கி, அங்கிள். பின்னால உழுந்து கிடந்திச்சு."

வலன்ரைன் இருபத்தேழாம் பக்கத்தை விரித்தார். முதல் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் எடுக்க நடந்தார்.

அடுத்த கிழமை அவர் வந்ததும் நிம்றா முந்திக்கொண்டு கேட்டாள்.

"அன்ரிக்குப் புடிச்சிச்சா, அங்கிள்?"

அவர் பதிலுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன நங்கூரம் இருந்தது.

"அது நான் போட்டது. வாசிச்சதையே திரும்ப எடுத்துப்போடக் கூடாதெல்லோ? மேபல் வாசிச்சதெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டன். இனி நீங்களே பாத்து நல்ல கதையா ஒண்டு தாங்க. நட்சத்திரம் வேண்டாம்."

நிம்றாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப அன்ரிக்கு?"

"அவவை மாதம்பிட்டியில அடக்கம் பண்ணி மூண்டு வருஷம், பிள்ளை" என்று அவர் மெல்லச் சிரித்தார். "நீங்க நட்சத்திரம் போட்டுத் தந்த புத்தகம் அச்சடிச்சதே போன வருஷம்."