ஒரே பிளக்

தொகுதியில் எங்கே சாவு விழுந்தாலும் அமைச்சரின் எந்திர உருவம் ஒன்று வந்து அழுதுவிட்டுப் போகும். கருத்தபாண்டியின் வீட்டுக்கும் வந்தது. அவரோ கடைசிவரை எதிர்க்கட்சிக்காரர். "அந்தாளுக்கு நம்ம வீட்டுல பச்சத்தண்ணி கூடக் குடுக்கக் கூடாது" என்று மனைவி செண்பகவல்லியிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

"என் உயிர் நண்பா!" என்று கருத்தபாண்டி கிடந்த ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அமைச்சர் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவர் மகளுக்கு அரசு..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"அவரு வாயால முழுசாச் சொன்னாத்தான் வேலை, மைனி" என்றார் கூட வந்த கிளைச் செயலாளர்.

ஊரில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் இருந்த ஒரே பிளக்கில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

செண்பகவல்லிக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடிக்குள் கணவரைப் பார்த்தாள். திறந்த வாயோடு நின்ற அமைச்சரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வார்த்த கேக்கலாம்னா நீங்களும் இல்லையே" என்று கணவரிடம் முனகியபடி, அவருடைய பிளக்கைப் பிடுங்கி அமைச்சருக்கு மாட்டினாள்.

அமைச்சர் கண் விழித்தார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"என் உயிர் நண்பா!" என்று முதலிலிருந்து அழத் தொடங்கினார்.