நாலு பத்துக்கும் நாலு ஐம்பதுக்கும் நடுவே

பத்திர நேரத்தை ஐம்பது நிமிடம் முன்னே தள்ள முப்பது லட்சம் வரை விலை பேசினான் செங்கோடன். பத்திர அலுவலகத்தில் ஜெசிந்தா ஒருத்திதான் இருந்தாள்.

"அண்ணன் எனக்குக் காட்டு நெலம் எழுதுன நேரம் நாலு அம்பதுன்னு கெடக்கு. நாலு மணின்னு மாத்தி உடு அம்மிணி. முன்னெல்லாம் போன வருசத் தேதியே போட்டுக் குடுப்பீங்க."

"அது பேரேடுங்க. இது பிளாக்செயின். ஏறுனா ஏறுனதுதான். பதினேழு ஊரு கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி நிக்கும்."

பத்திரம் ஏறிய அன்று நாலு பத்துக்கு, அண்ணன் தன் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, செங்கோடனின் கடப்பாரை அவன் மண்டையில் இறங்கியது. கிணற்றடியில் பேச்சு கேட்கும், இன்டர்நெட் வராது. பிணத்தைப் பாறைமேட்டுக்குச் சுமந்து, அண்ணனின் கட்டைவிரல் ரத்தத்தை வேட்டியில் துடைத்து, போனில் மாட்டிய ரேகைக் கருவியில் அழுத்துவதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது.

"போன்ல அண்ணன் அலறுன நேரம் நாலு பத்துன்னு உங்க அண்ணி போலீஸ்ல சொல்லிட்டாங்க. செத்தும் தம்பிக்குக் கைநாட்டு வச்சிருக்காரு, பாசக்கார மனுசன்," என்றாள் ஜெசிந்தா.

செங்கோடன் நாற்காலியால் கம்ப்யூட்டரை நொறுக்கினான். கண்ணாடிச் சில்லு அவள் கன்னத்தைக் கிழித்தது. நாற்காலி மறுபடி உயர்ந்தது, இந்த முறை அவள் தலைக்கு நேராக. ரத்தத்தைத் துடைக்காமலே அவள் கணக்குச் சொன்னாள்.

"ஒண்ணு போச்சுங்க. பாக்கி பதினாறு."