கம்பியின் விக்கல்

"எல்லாக் கயிறையும் அவுத்தாச்சா? அப்புறம் ஏன்யா இந்தக் கம்பி வாயைத் திறக்க மாட்டேங்குது?"

பேராசிரியர் எரிச்சலோடு கேட்டார். கையில் மைக்கும் தோளில் அவிழ்த்த கயிறுகளுமாக அவன் மாடிவீட்டுப் பால்கனியில் நின்றான். காற்று என்னவோ பிய்த்துக்கொண்டுதான் அடித்தது. கொடியில் கிடந்த துண்டு பறந்தது. பேராசிரியர் அரும்பாடுபட்டு இழுத்து வாரியிருந்த நாலு முடியும் எழுந்து நின்றது. பால்கனித் தடுப்பின் மெல்லிய கம்பிகள் மட்டும் கம்மென்று இருந்தன.

"கொஞ்சம் பொறுங்க சார். காத்து திசை மாறினா வந்துடும்."

"இதையேதான் வந்ததுலேருந்து சொல்றே."

அந்த வீட்டில் குடியிருக்கும் அம்மா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டில் வந்து நின்று அசடு வழிகிறோமே என்று அவனுக்குக் காது மடல் சுட்டது.

அவன் பிழைப்பே காற்றுதான். கம்பி, குழாய், கோபுரம் என்று எதன் மேலாவது காற்று மோதினால் பின்னால் சுழல்கள் எப்படிக் கிளம்புகின்றன, எப்போது கொந்தளிக்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறவன். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனுக்குப் பெயரே 'காத்து சார்'.

அந்த அம்மா தனியாகக் குடிவந்த கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் மேலேயிருந்து 'ஊ...' என்று ஓர் இழுவை. நாய் என்றார்கள் சிலர். பேய் என்றார்கள் சிலர். வீட்டைக் காலிசெய்யச் சொல்லலாம் என்று கூட்டம் கூடியபோது இவன்தான் எழுந்து, "அது காத்துங்க" என்றான். மெல்லிய கம்பியைத் தாண்டும் காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிச் சுழலும், அதனால்தான் சத்தம். கம்பியில் கயிற்றைக் கொடிபோலச் சுற்றிவிட்டால் சுழல்கள் சிதறிப்போகும், சத்தமும் நின்றுவிடும். ஆலைப் புகைபோக்கிகளைச் சுற்றித் திருகுபோல வரிவரியாகத் தகடு வைத்திருப்பதும் இதற்குத்தான் என்று விளக்கினான்.

அந்த அம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, காத்துதான்" என்றார்.

மறுநாளே கயிறு சுற்றினான். சத்தம் நின்றது. குடியிருப்பே அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. "பொண்டாட்டி கத்தினா காதுல விழாது. கம்பி கத்தினா மட்டும் ஓடுவாரு" என்று மனைவிகூடப் பெருமையாகத்தான் அலுத்துக்கொண்டாள்.

ஆனால் கயிறு கட்டுவதற்கு முன்பே அவன் செல்போனில் பிடித்துவைத்திருந்த சத்தத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கம்பி பாடினால் சீராகப் பாடும். இது நடுநடுவே அறுந்தது, விக்கியது, மறுபடி தொடர்ந்தது. காற்றின் கொந்தளிப்புதான் கம்பியை இப்படி விக்கவைக்கிறது என்று எழுதி, புதிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று போட்டான். துறை முழுக்கத் தம்பட்டமும் அடித்தான். காதால் கேட்டால்தான் கையெழுத்து என்று பேராசிரியர் கிளம்பி வந்துவிட்டார். கையெழுத்து விழாவிட்டால் அடுத்த மாதம் அவனுக்கு வேலை இல்லை.

"உண்மையைச் சொல்லு. செல்லுல கேட்டது இந்தக் கம்பிதானா? இல்ல, நீயே ஏதாவது ஊதி கீதி..."

"சார்!"

அவன் முகம் செத்துப்போயிற்று. பொய்யன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதவு லேசாகத் திறந்தது. "தம்பி, இங்க வாங்களேன்" என்றார் அந்த அம்மா தாழ்ந்த குரலில். "கயிறு கட்டினதுலேருந்து ஒரு சத்தமும் வெளிய போகலையே? நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"ஐயோ, உங்களை யாரும்மா குறை சொன்னாங்க? இன்னிக்கு அந்தச் சத்தம் வரணும்மா. அதுதான் வரமாட்டேங்குது."

"வரலேன்னா?"

"வேலை போயிடும். ஊரை ஏமாத்தினவன்னு பேரும் வரும்." தோளில் நழுவிய கயிற்றை மேலே தள்ளிக்கொண்டான். "விடுங்கம்மா. உங்க வீட்டுல வந்து நின்னு தொந்தரவு பண்றேன்."

அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"அன்னிக்கு நீங்க எழுந்து பேசலேன்னா நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு தெருவுல நின்னிருப்பேன் தம்பி" என்றார். "உங்க சாரை இருக்கச் சொல்லுங்க. காத்து வரும்."

உள்ளே போய்விட்டார்.

அவன் திரும்பி வந்தபோது பேராசிரியர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "நேரம் போனதுதான் மிச்சம். நாளைக்கு ரூமுக்கு வா, பேசிக்கலாம்" என்று நடக்கத் தொடங்கினார்.

'ஊ...'

பேராசிரியர் அப்படியே நின்றார். சத்தம் அறுந்தது. விக்கியது. மறுபடி தொடர்ந்தது.

"அதேதான்! அதே விக்கல்! அடேயப்பா, என்ன கொந்தளிப்புய்யா!" பையை வீசிவிட்டுக் குதித்தார். "நிக்கறியே, கிட்டக் கொண்டுபோய்ப் பிடி!"

போன உயிர் திரும்பியவனாக மைக்கைக் கம்பிகளின் அருகே நீட்டினான். சத்தம் தேய்ந்தது. இடப்பக்கம் நகர்த்தினான், கூடியது. இன்னும் நகர்ந்தான், இன்னும் கூடியது. கம்பிகள் முடிந்து சுவர் வந்தது. சுவரில் படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே கட்டிலோரம் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் ஆணின் சட்டை, கடித்துக் கடித்து நைந்த அதன் காலர் முழுக்கப் பல் தடம். அவனைக் கண்டதும், அழுகையை நிறுத்தாமலே, "போதுமா தம்பி?" என்று கையால் கேட்டார்.