லுத்பியாவின் முதல் நோன்பு

வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுக் கப்பலேறுமுன் நோன்பு என்ற பழக்கமே ஒழிந்துவிடும் என்பதில் கந்தோர்க் கிளார்க்கு ஸவாஹிருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் அவன் மார்க்கத்தை விட்டு மூன்று வருடம். றமழானில் பகல் சாப்பாடு கொட்டாஞ்சேனையில், கூட்டாளி றேமண்ட் வீட்டில்.

இன்று சோறு அப்படியே கிடந்தது.

“என்ன மச்சான், கறி சரியில்லையோ?” என்றான் றேமண்ட்.

“ஏழு வயசு மகளுக்கு இண்டைக்கு முதல் நோன்பு. புள்ள பசியில ஈக்கக்குள்ள எனக்கு எறங்குதில்ல.”

கடையில் வாங்கிய ஒரு பணிஸ் ரொட்டியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, லுத்பியாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான்.

“தின்னுங்க மகள். உம்மாக்குச் சொல்லவாணாம்.”

“வயிறு நெறஞ்சீக்கி வாப்பா. பகலைக்கு உம்மா சோறு தீத்தினா. ‘ஒனக்கும் சேத்து வாப்பா நோன்பு புடிக்கிறார்’ எண்டா.”

நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஸவாஹிர் பணிஸைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தான்.