சீர் மெத்தை

மருமகள் காவ்யா சீராகக் கொண்டுவந்த மெத்தையைக் கற்பகம் தெருவில் தூக்கிப் போட்டாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேலே போட்டு வந்த பிளாஸ்டிக் கவர்கூடப் பாதிதான் கிழிந்திருந்தது.

மெத்தை தரையைத் தொடுவதற்குள் எதிர்வீட்டுக் கெங்கம்மாள் போனை எடுத்துவிட்டாள். தேவிகாபுரத்தில் இருக்கும் காவ்யாவின் அம்மா பச்சையம்மாளுக்கு எல்லாம் விலாவாரியாகப் போய்ச் சேர்ந்தது. மெத்தை தெருவில். பின்னாலேயே ரெண்டு தலையணை. பீரோத் துணி மொத்தமும் முற்றத்தில் குவியலாக. காவ்யாவை மாடி ரூமுக்கு அனுப்பியாச்சு, கீழே இறங்கவே கூடாதாம்.

"உன் பொண்ணு ஆசையா தன் புடவையத் தொட வந்துச்சு. தொடாத, போன்னு தொரத்தறா அந்தப் பொம்பள" என்று கெங்கம்மாள் முடித்தாள்.

பச்சையம்மாள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ஆரணி வரும் வரைக்கும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

அவள் வந்தபோது மெத்தையைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போயிருந்தது. முற்றத்தில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, காவ்யாவின் சுடிதார்களை ஒவ்வொன்றாக அதில் அமுக்கிக்கொண்டிருந்தாள் கற்பகம்.

"மூச்சிழுப்பு வந்த பொண்ணுன்னு ஒதுக்கி வெச்சிட்டீங்களா?" என்றாள் பச்சையம்மாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கற்பகம் பதறவில்லை. சம்பந்தியை உட்காரச் சொன்னாள். பூஞ்சை காவ்யாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இத்தனை மாசமாக வந்த இழுப்பு அதனால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். துணிமணியெல்லாம் சுத்தமாகும் வரைக்கும் காவ்யா அதன் பக்கமே வரக்கூடாதாம். நூல் துணிகளைச் சுடுதண்ணீரில் வினிகர் ஊற்றி அலசி வெயிலில் போடுகிறார்களாம். பட்டுத் துணியை வேகவைக்க முடியாதே. அதனால் கூரைப் புடவையை மெல்லிசுத் துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் கொடியில் விட்டிருந்தாள். பீரோவையும் துடைத்தாயிற்று. மெத்தையை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை.

பச்சையம்மாளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மாடிக்கு ஓடினாள்.

காவ்யா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்காமல், தோள் தூக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா இங்கதான்மா படுக்கறேன். நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கினேன்."

பச்சையம்மாள் மகளின் முதுகில் காதை வைத்துப் பார்த்தாள். விசில் சத்தம் இல்லை. தீபாவளியிலிருந்து அந்தச் சத்தத்தைப் போனிலேயே கேட்டுக் கேட்டுப் பயந்தவள். அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பயம் போனதும் கோபத்துக்கு நல்ல இடம் கிடைத்தது. மறுபடி கீழே வந்தாள்.

"எங்க வூட்ல இருந்த வரைக்கும் ஒரு தும்மல் கிடையாது. இங்க மட்டும் எங்கிருந்து வந்துச்சு பூஞ்சை?"

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை குணா ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கற்பகம் முந்திக்கொண்டாள்.

"குணா, ஜல்தியா போயி அத்தைக்குப் பால் வாங்கினு வா."

அவன் போனதும் சம்பந்தியைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"எல்லாம் எங்க தறிவூட்டு ஓதம்ங்க. காத்துல காஞ்சா பட்டு இழை அறுந்துடும்னு ஜன்னலத் தொறக்க மாட்டோம். தரையில தண்ணி தெளிச்சினே இருப்போம். அந்த ஓதம் ஏறித்தான் மெத்தை கெட்டுப்போச்சு. எங்க தப்புதாங்க."

பஸ்ஸில் யோசித்து வைத்ததில் பாதிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. ஆனாலும் பச்சையம்மாள் விடவில்லை. உங்களுக்கு இழைதான் முக்கியம், வீட்டுக்கு வந்த பெண் முக்கியமில்லை என்றாள். எங்கள் கொல்லை மரத்து இலவம் பஞ்சு, என் கையால் கொட்டை எடுத்துத் தைக்கக் கொடுத்தது, அதைப் போய்த் தெருவில் போட்டீர்களே என்றாள். கற்பகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இறக்கிவைக்க வேண்டியதை எல்லாம் இறக்கிவைத்த பிறகு பச்சையம்மாளுக்குப் பசித்தது. சாப்பிட்டாள். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். போகும்போது, அவர்களே தப்பை ஒத்துக்கொண்டார்கள் என்று கெங்கம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஏற்றிவிட்டு வந்த குணாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா பொய் சொன்ன? தறி பின்கட்டுல கெடக்குது. எங்க ரூமு முன்னால இருக்குது. அந்த ஓதம் இங்க எங்க வந்துச்சு? முந்தாநேத்து கவரக் கிழிச்சப்ப நானும்தான கூட இருந்தேன். கல்யாணத்தன்னிக்கு சீர் வண்டி மழையில மாட்டி, அந்தத் தண்ணி கவருக்குள்ளயே நின்னு, அடிப்பக்கம் பூராவும் கறுப்பா பூத்துக் கெடந்துச்சு. பீரோத் துணிக்கு ஏறுனதே அந்த மெத்தையிலருந்துதான?"

கற்பகம் முகத்துத் துண்டை அவிழ்த்து உதறினாள்.

"என்னைத் திட்டினு போனா அந்தம்மா இன்னிக்கி நிம்மதியா தூங்கும். தான் குடுத்ததுதான் பொண்ணு மூச்ச அடைச்சுதுன்னு தெரிஞ்சா, அது எப்பிடிடா தூங்கும்?"